கிலோகிராமை யாரும் எங்கேயும் உருவாக்கலாம் என்றால் ஒப்பீட்டுச் சுற்றுகள் எதற்கு?

வெற்றிடம் எழுதியது:

2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே பெட்டகத்தில் இருக்கும் உலோக உருளை இல்லை. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிக்கு ஒரு மதிப்பை நிலையாக நிர்ணயித்துவிட்டார்கள், அதிலிருந்து கிலோகிராம் வருகிறது. கருவியும் திறமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அதை உருவாக்கிக்கொள்ளலாம் என்றுதான் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்கின்றன. மீட்டர், நொடி, ஆம்பியர், கெல்வினும் அப்படித்தான்.

அப்புறம் இத்தனை பன்னாட்டுக் குழுக்கள், ஒரே பொருளைப் பல நாட்டு ஆய்வகங்கள் அளந்து ஒத்துப்பார்க்கும் ஒப்பீட்டுச் சுற்றுகள், கூட்டு ஆய்வுத் திட்டங்கள் எல்லாம் இன்னும் எதற்கு? உருளை இருந்த காலத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டியிருந்தது, அது புரிகிறது. இப்போது அந்தப் பணத்தில் அவரவர் ஆய்வகத்திலேயே நல்ல கருவி செய்துகொண்டால் என்ன? குதர்க்கமாகக் கேட்கவில்லை.

கதிர்70 எழுதியது:

கூட்டம் போட்டால்தானே பயணப்படி கிடைக்கும்!

சரி, விளையாட்டு போதும். கேள்வி நியாயமானது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், அப்புறம் நான் வருகிறேன்.

துலாக்கோல் எழுதியது:

நிறை அளவியல்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

வரையறை வேறு, அதை மேஜைமேல் கொண்டுவருவது வேறு. பிளாங்க் மாறிலி இப்போது 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி. பிழை என்ற பேச்சே இல்லாத எண். ஆனால் அந்த எண்ணிலிருந்து கையில் எடுக்கக்கூடிய ஓர் எடைக்கல்லுக்கு வந்து சேர கிப்பிள் தராசு மாதிரி ஒன்று வேண்டும். காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ச்சி எடையைத் தாங்க வைக்கிறோம். பிறகு எடையை எடுத்துவிட்டு அதே சுருளை அதே புலத்தில் நகர்த்தி, எழும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். இரண்டையும் சேர்த்தால் சுருளின் நீளமும் புலத்தின் வலிமையும் கணக்கிலிருந்து கழிந்துபோகும். 1975இல் பிரையன் கிப்பிளுக்குத் தோன்றிய சூட்சுமம் இதுதான்.

கழியாமல் நிற்பவைதான் தலைவலி. அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கம், சுருளின் சிறு சாய்வு, லேசர் கற்றை செங்குத்திலிருந்து விலகியிருக்கும் அளவு, வெற்றிடத்திலிருந்து காற்றுக்கு எடுக்கும்போது எடைக்கல்மேல் ஒட்டும் ஈரப்படலம். இவற்றில் எதையாவது சரியாகப் பிடிக்காவிட்டால் நூறு கோடியில் சில பங்கு, சில சமயம் பல பங்கு தள்ளிப்போகும். நம் ஆய்வகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எதை விட்டோம் என்று தெரியவே தெரியாது. தராசு தினமும் ஒரே விடையைத்தான் சொல்லும். தப்பான விடையாக இருந்தாலும் தினமும் அதையேதான் சொல்லும்.

இது தெரிந்துதான் வரையறையை மாற்றுவதற்கு முன்பே நிறைக்கான ஆலோசனைக் குழு கறாராக நிபந்தனை போட்டது. குறைந்தது மூன்று தனித்தனிச் சோதனைகள் வேண்டும், ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் (விடை எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்ற மதிப்பீடு) நூறு கோடியில் 50 பங்குக்குள் இருக்க வேண்டும், ஒன்றாவது 20 பங்குக்குள் வர வேண்டும். கிப்பிள் தராசு, சிலிக்கான் உருண்டையில் அணுக்களை எண்ணுவது ஆகிய இரண்டு வழிகளிலும் வந்த முடிவுகள் ஒத்துப்போக வேண்டும். 2018 நவம்பரில் வெர்சாயில் நாடுகள் கூடி வரையறையை மாற்ற ஓட்டுப் போட்டதற்கு முன்னால் இந்த மல்லுக்கட்டு பல வருடம் நடந்தது.

கட்டுரைகள் விட்டுவிடும் விஷயம் இனிமேல்தான். வரையறை மாறிய பிறகு நடந்த முதல் ஒப்பீட்டில், ஆய்வகங்கள் அவரவர் சொன்ன நிச்சயமின்மைக்குள் ஒத்துவரவில்லை. அதனால் இன்று எந்த நாடும் தன் தராசு காட்டும் கிலோகிராமை அப்படியே வெளியே கொடுப்பதில்லை. எல்லா முடிவுகளையும் சேர்த்து ‘ஒருமித்த மதிப்பு’ என்று ஒன்றைக் கணக்கிட்டு, அதைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். பழைய உருளையை வைத்துச் சொன்னால், 2021 பிப்ரவரி முதல் அதன் நிறை 1 கிலோகிராமுக்கு 2 மைக்ரோகிராம் குறைவு. 2023 மார்ச்சில் அது 7 மைக்ரோகிராம் குறைவு என்று மாறியது. இரண்டுக்கும் நிச்சயமின்மை 20 மைக்ரோகிராம்.

ஆக, ‘யாரும் எங்கேயும்’ என்பது கொள்கை அளவில் சரி. அன்றாடத்தில் கிலோகிராம் இன்னும் ஒரு கூட்டு முடிவுதான்.

வெற்றிடம் எழுதியது:

இது எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் ஓர் இடம் உறுத்துகிறது. கடைசியில் எல்லோரும் கூடி ஓர் எண்ணை ஒப்புக்கொள்வதுதான் என்றால், உருளையை ஒப்புக்கொண்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இவ்வளவு பாடு எதற்கு?

துலாக்கோல் எழுதியது:

நல்ல கேள்வி. உருளை தப்பே செய்ய முடியாது, அதுதான் வித்தியாசம். 1889இலிருந்து அதுதான் கிலோகிராம், அவ்வளவுதான். அதே உலோகக் கலவையில், 90 சதவீதம் பிளாட்டினம் 10 சதவீதம் இரிடியத்தில் செய்த நகல்களோடு அதைச் சேர்த்து நிறுத்துப் பார்த்தபோது, நூறு வருடத்தில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் சேர்ந்திருந்தது. நகல்கள் கூடினவா, மூலம் குறைந்ததா? கேட்கலாம், பதில் சொல்ல வழியில்லை. மூலம் குறைந்திருந்தால் பிரபஞ்சம் முழுவதும் கனத்துவிட்டது என்றுதான் எழுத வேண்டும்!

ஒருமித்த மதிப்பு அப்படி இல்லை. அது தப்பாக இருக்கலாம் என்று அதைப் போட்டவர்களே 20 மைக்ரோகிராம் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது நகரும். தராசுகள் தங்களுக்குள் ஒத்துவந்ததும் அதைக் கைவிட்டுவிடுவார்கள். இது ஓர் ஏற்பாடு, நிரந்தரம் இல்லை.

படிகம் எழுதியது:

சிலிக்கான் உருண்டை பற்றித் துலாக்கோல் சார் ஒரு வரியில் போய்விட்டார். எனக்கு அந்தக் கதையில்தான் ஆசை.

யோசனை எளிது. ஒரு படிகத்தில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டால் நிறை தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆனால் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால், அடுக்குகளின் இடைவெளியும் மொத்தக் கன அளவும் தெரிந்தால் வகுத்துவிடலாம். முதலில் இயற்கை சிலிக்கானில் செய்தார்கள். அதில் மூன்று ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) கலந்திருக்கும். கலவை விகிதத்தைப் போதிய துல்லியத்தில் அளக்க முடியவில்லை, விடை கிப்பிள் தராசிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலகி நின்றது. இந்தத் துறையில் அது பெரிய பள்ளம்.

சரி, ஒரே ஐசோடோப்பாகப் பிரித்துவிடுவோம் என்று கிளம்பினார்கள். சிலிக்கான்-28ஐ 99.99 சதவீதத்துக்குச் செறிவூட்டிய மையவிலக்கு எந்திரங்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தன. அதைத் தூய பாலிகிரிஸ்டலாக (பல சிறு படிகங்கள் சேர்ந்த கட்டியாக) மாற்றியது நிஷ்னி நோவ்கோரத். அதிலிருந்து 5 கிலோ ஒற்றைப் படிகத்தை வளர்த்தது பெர்லின். உருண்டையாக மெருகேற்றியது ஆஸ்திரேலியா. அணுத்தளங்களின் இடைவெளியை, சுமார் 192 பிக்கோமீட்டர், எக்ஸ்ரே குறுக்கீட்டுமானியால் (அலைகளை ஒன்றன்மேல் ஒன்று விழவைத்து நீளம் அளக்கும் கருவியால்) அளந்தது இத்தாலியின் டூரின். உருண்டையின் விட்டத்தை ஜெர்மனியும் ஜப்பானும் தனித்தனியே வெவ்வேறு அமைப்பு கொண்ட கருவிகளால் அளந்தன. விட்டம் 94 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, வட்டத்திலிருந்து விலகல் சில பத்து நானோமீட்டர்.

இந்தப் பட்டியலில் எந்த ஒரு நாட்டையாவது எடுத்துவிட்டுப் பாருங்கள், வேலை நடக்காது. ‘அந்தப் பணத்தை அவரவர் ஆய்வகத்தில் போட்டால் என்ன’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மையவிலக்கு எந்திரத்தையும் மெருகேற்றும் கையையும் எக்ஸ்ரே குறுக்கீட்டுமானியையும் ஒரே கட்டடத்தில் சேர்த்துவைக்க எந்தப் பட்ஜெட்டும் போதாது. பணம் கொடுத்தாலும் அந்தக் கைப்பழக்கம் வராது.

மெருகேற்றிய பிறகு உருண்டைகளின் மேற்பரப்பில் செம்பு, நிக்கல் கறை படிந்திருப்பது தெரியவந்தது. மறைக்கவில்லை. படலம் எவ்வளவு தடிமன், அதன் நிறை எவ்வளவு என்று அளந்து, திருத்தத்தோடு 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு அரித்தெடுத்து, மறுபடி மெருகேற்றி, மறுபடி அளந்தார்கள்.

துலாக்கோல் எழுதியது:

படிகம் சொன்னதற்கு ஜோடியாகக் கிப்பிள் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் தன் இரண்டாவது தராசைக் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்துக்குக் கொடுத்துவிட்டது. 2009இல் அது கப்பலேறியது. கனடாக்காரர்கள் அதைப் புது இடத்தில், புதுக் கண்களோடு பிரித்துப் பார்த்துச் சீர்செய்தார்கள். 2017இல் நூறு கோடியில் 9.1 பங்கு என்ற நிச்சயமின்மையோடு வந்த முடிவு அதே எந்திரத்திலிருந்துதான். அப்போது உலகத்திலேயே அதுதான் மிகத் துல்லியமானது. ஒரு குழு வருடக்கணக்கில் பழகிய எந்திரத்தை இன்னொரு குழு பார்க்கும்போது தெரிவது வேறு.

கதிர்70 எழுதியது:

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன நாடுகளை எண்ணிப் பாருங்கள். எல்லாம் பணக்கார ஆய்வகங்கள். அவர்களுக்குள் சேர்ந்து உருண்டை செய்தார்கள், தராசு செய்தார்கள், எண்ணை முடிவு செய்தார்கள். மீதி நாடுகள் சந்தா கட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கூட்டு என்று பெயரா?

பயணப்பெட்டி எழுதியது:

கதிர் சொல்வதில் பாதி உண்மை. நான் இருப்பது சின்ன ஆய்வகம், மின் அளவீடு. எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1999 அக்டோபர் 14 அன்று 38 நாடுகளின் தேசிய அளவியல் நிறுவனத் தலைவர்கள் பாரிஸில் ஒரு பரஸ்பர அங்கீகார உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம்: என் காலிபரேஷன் (கருவியை அளவுத்தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த) சான்றிதழை நீ ஏற்றுக்கொள், உன்னுடையதை நான் ஏற்கிறேன், ஆனால் இருவரும் சொல்லும் நிச்சயமின்மையை ஒப்பீட்டுச் சுற்றில் கலந்துகொண்டு நிரூபிக்க வேண்டும். இது இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களின் சான்றிதழ் எல்லை தாண்டினால் வெறும் காகிதம். ஏற்றுமதி செய்பவர் தன் கருவியை இன்னொரு நாட்டுக்கு அனுப்பி மறுபடி காலிபரேட் செய்ய வேண்டியிருக்கும். சந்தா கட்டி வாங்குவது என்று சொன்னீர்கள். இல்லை. பரீட்சை எழுதித்தான் வாங்குகிறோம், பெரிய நாடுகளும் அதே தாளைத்தான் எழுதுகின்றன.

பரீட்சை நடக்கும் விதம் சுவாரசியமானது. ஒரு முன்னோடி ஆய்வகம் ஒரு பயண மாதிரியை, அதாவது ஆய்வகம் ஆய்வகமாகப் போய் எல்லோரும் அளக்கும் பொருளை, தயார் செய்து சுற்றுக்கு விடும். எங்கள் துறையில் பெரும்பாலும் சீனர் டயோடு (Zener, மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் மின்னணுப் பாகம்) கொண்ட மின்னழுத்த மாதிரி அல்லது மின்தடை. ஒவ்வொருவரும் அளந்து முன்னோடிக்கு அனுப்ப வேண்டும், மற்றவர்கள் என்ன அளந்தார்கள் என்று தெரியாது. எல்லாம் வந்த பிறகு யாருடைய எண்ணாவது ஒட்டாமல் நின்றால், முன்னோடி அவர்களுக்கு ஒரு கடிதம் போடலாம்: ‘உங்கள் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்.’ எவ்வளவு விலகல், கூடவா குறைவா என்று எதுவும் சொல்லக் கூடாது. கூட்டல் கழித்தல் பிழை இருந்தால் திருத்தலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த எண் அப்படியே நிற்கும். முதல் வரைவு அறிக்கை பங்கேற்பாளர்களுக்குச் சுற்றுக்கு வந்த பிறகு, பிடிக்கவில்லை என்று முடிவை விலக்கிக்கொள்ள முடியாது. அந்தக் கடிதம் வரும் நாளில் ஆய்வகத்தில் யாருக்கும் சோறு இறங்காது.

இனி கதிர் சொன்ன பாதி உண்மை. சீனர் மாதிரி எப்போதும் மின்சாரத்தில் இருக்க வேண்டும். பயணத்தில் உள்ளே இருக்கும் பேட்டரிதான் கதி, அதுவும் சில நாளுக்குத்தான் தாங்கும். ஒருமுறை எங்களுக்கு வர வேண்டிய பெட்டி ஒரு நாட்டின் சுங்கக் கிடங்கில் மாட்டிக்கொண்டது. படிவத்தில் ‘வணிக மதிப்பு இல்லை’ என்று போட்டிருந்தோம், அங்கிருந்தவருக்கு இவ்வளவு கனமான பெட்டிக்கு மதிப்பில்லை என்பது நம்பும்படியாக இல்லை. வந்து சேர்ந்தபோது காலிபரேஷன் இன்னும் செல்லும் என்று காட்ட முகப்பில் எரிய வேண்டிய ‘இன் கால்’ விளக்கு அணைந்திருந்தது. மின்சாரம் ஒருமுறை போனால் மாதிரியின் மதிப்பு இடம் மாறியிருக்கலாம், பழைய வரலாற்றை நம்ப முடியாது. பெட்டி முன்னோடியிடம் திரும்பிப் போய், மறுபடி அளந்து, நிலைப்பட்ட பிறகுதான் சுற்று தொடர்ந்தது. பக்கத்து நாட்டுக்குக் காரில் கையோடு எடுத்துப்போகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. எங்கள் பகுதியில் ஒரு சுற்று முடிய வருடங்கள் ஆவதற்கு இயற்பியல் காரணமே இல்லை, காகிதம்தான்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சுங்கத் துறை பற்றிய புலம்பல் பதிவுகள் மூன்றைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே அளவியல் மட்டும்.

சீசியம்133 எழுதியது:

எல்லோரும் கிலோகிராமையே பேசுகிறீர்கள். நேரத்தைப் பாருங்கள், வெற்றிடத்தின் கேள்விக்கு அங்கே இன்னும் நேரான பதில் இருக்கிறது.

ஒருங்கிணைந்த உலக நேரம் (UTC) எந்தக் கடிகாரத்திலும் ஓடவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் தங்கள் அணுக்கடிகாரங்களின் தரவுகளைப் பாரிஸ் அருகே இருக்கும் பன்னாட்டு எடை, அளவு நிறுவனமான பி.ஐ.பி.எம்.முக்கு அனுப்புகின்றன, மொத்தம் 400க்கு மேற்பட்ட கடிகாரங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கேற்ப முக்கியத்துவம் (எடை) கொடுத்துச் சராசரி எடுத்து மாதம் ஒருமுறை ‘சர்க்குலர் டி’ (Circular T) என்ற அறிக்கை வரும். போன மாதம் உங்கள் கடிகாரம் இத்தனை நானோநொடி முந்தியது, பிந்தியது என்று அதில் இருக்கும். அதாவது உலக நேரம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியவரும். கையில் இருப்பதெல்லாம் ஒவ்வொரு ஆய்வகமும் ஓட்டும் உள்ளூர் நகல். நாளிதழில் ஒருவரையொருவர் வைதுகொள்ளும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா எல்லாம் அந்த அட்டவணையில் மாதாமாதம் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. கதிருக்கு ஒரு தகவல்: நன்றாக ஓடும் கடிகாரம் சின்ன நாட்டில் இருந்தாலும் அதற்கு அதிக எடை கிடைக்கும். எந்த ஒரு கடிகாரமும் ஆதிக்கம் செய்யாதபடி உச்சவரம்பும் உண்டு.

அடுத்து நொடியின் வரையறையே மாறப்போகிறது. ஒளியின் அதிர்வை எண்ணும் ஒளியியல் கடிகாரங்கள், இப்போது நொடியை வரையறுக்கும் சீசியம் கடிகாரங்களைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கின்றன. பிரச்சினை, அவற்றை ஒன்றோடொன்று எப்படி ஒப்பிடுவது? செயற்கைக்கோள் வழி போதாது. அதற்காக ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒளியிழை போட்டு ஸ்ட்ராஸ்பூரில் இணைத்தார்கள், மொத்தம் 1,415 கிலோமீட்டர். இரண்டு முனைகளிலும் இருந்த ஸ்ட்ரான்ஷியம் கடிகாரங்கள் 5 × 10⁻¹⁷ அளவுக்கு ஒத்துவந்தன. அதற்கு இரண்டு இடங்களுக்கும் உள்ள ஏறத்தாழ 25 மீட்டர் உயர வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. உயரத்தில் இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடும், ஒரு சென்டிமீட்டருக்கு 10⁻¹⁸. ஆக, கடிகாரக்காரர்களால் மட்டும் முடியாது, நில அளவைக்காரர்களும் வேண்டும். திரும்பி அவர்களுக்கு லாபம்: கடிகாரத்தை வைத்தே உயரத்தை அளக்கலாம்.

இதில் தனியாக ஒரு நாடு என்ன செய்ய முடியும்? உலகிலேயே சிறந்த கடிகாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தால், அது சிறந்தது என்று எப்படித் தெரியும்?

நூலிழை எழுதியது:

இழையில் யாரும் தொடாத பக்கம், இதிலிருந்து பிறக்கும் புதுத் தொழில்நுட்பம். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் தன் துகள் முடுக்கிகளுக்காகத் தொடங்கிய ‘ஒயிட் ராபிட்’ என்ற நேர ஒத்திசைவு முறை சாதாரண ஈதர்நெட் இழையிலேயே ஒரு நானோநொடிக்கும் குறைவான பிழையில் நேரத்தைக் கொண்டுசேர்க்கும். வன்பொருள் வரைபடங்களைத் திறந்தே வைத்தார்கள், யாரும் எடுத்துச் செய்யலாம். கடைசியில் அந்த முறை, வலையமைப்பில் கடிகாரங்களை ஒத்திசைப்பதற்கான ஐ.இ.இ.இ. 1588 தரநிலையின் 2019 பதிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. மூடிவைத்திருந்தால் அது செர்னின் சுரங்கத்துக்குள்ளேயே இருந்திருக்கும்.

ஆய்வகத்துளி எழுதியது:

மருத்துவப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு வரி. சர்க்கரை நோய்க்கு ‘6.5 சதவீதம்’ என்று ஒரு எல்லை சொல்கிறோமே, ரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் அந்த ஹெச்.பி.ஏ.1சி. எண் ஒரு காலத்தில் எந்திரத்துக்கு எந்திரம் வேறாக வந்தது. பன்னாட்டு மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை முறை ஒன்றை உருவாக்கி, அதை நடத்தப் பல நாட்டு ஆய்வகங்களின் வலையமைப்பும் ஏற்பட்ட பிறகுதான் அந்த எண்ணுக்கு உறுதியான அடிப்படை வந்தது. புதிய அலகில் அதே எல்லை ஒரு மோலுக்கு 48 மில்லிமோல். நோயாளிக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் ஊர் மாறினால் நோய் மாறாது என்பதற்குக் காரணம் இந்த வேலைதான்.

கதிர்70 எழுதியது:

நேரம், மருத்துவம் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். கிலோகிராம் விஷயத்தில் என் குறை அப்படியே இருக்கிறது. கிப்பிள் தராசு இல்லாத நாடுகளுக்கு ‘யாரும் எங்கேயும்’ என்பது விளம்பர வாசகம்தான். முன்பு பாரிஸுக்குப் போனார்கள், இனி வேறு ஏதோ ஒரு நகரத்துக்குப் போவார்கள்.

துலாக்கோல் எழுதியது:

மறுக்கவில்லை. கிராம் அளவில் மேஜைமேல் வைக்கக்கூடிய சின்னக் கிப்பிள் தராசுகளைச் சில ஆய்வகங்கள் செய்துவருகின்றன. அவை பரவினால் உங்கள் குறை கொஞ்சம் தீரும். முழுதாகத் தீராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒத்துழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஈர்ப்பு மாறிலி ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல குழுக்கள் பல, நல்ல கருவிகள் பல, விடைகள் தங்களுக்குள் ஒத்துவரவே மாட்டேன் என்கின்றன. பரிந்துரைத்த மதிப்புக்கே பத்து லட்சத்தில் 22 பங்கு நிச்சயமின்மை. மற்ற மாறிலிகளோடு பார்த்தால் பரிதாபம். பி.ஐ.பி.எம்.மில் வைத்து அளந்த முறுக்குத் தராசையே (தொங்கும் மெல்லிய நாடா முறுகுவதை வைத்து ஈர்ப்பை அளக்கும் கருவி) அமெரிக்காவுக்கு அனுப்பி, அதே கருவியால் வேறு ஆட்களை அளக்கச் சொன்னார்கள். கருவியில் கோளாறா, அளந்தவர்களிடமா, இடத்திலா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

வெற்றிடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த ஒப்பீட்டு முடிவுகளை வெளியாள் பார்க்க முடியுமா? பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பயணப்பெட்டி எழுதியது:

முடியும். பி.ஐ.பி.எம்.மின் ஒப்பீட்டுத் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பணம் வேண்டாம். ஏதாவது ஒரு முதன்மை ஒப்பீட்டைத் திறந்து வரைபடத்துக்குப் போங்கள். நடுவே பூஜ்ஜியக் கோடு, அதுதான் எல்லோரையும் ஒப்பிடும் அடிப்படை மதிப்பு. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு புள்ளி, அதன் மேலும் கீழும் நிச்சயமின்மைப் பட்டை. புள்ளி கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் என்று பார்க்காதீர்கள், பட்டை கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். தள்ளி இருந்தாலும் பட்டை தொட்டால் அந்த ஆய்வகம் தன்னைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறது. மிக அருகில் இருந்தும் குட்டையான பட்டை தொடாமல் நின்றால் அங்கேதான் வில்லங்கம்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அதே தளத்தில் அந்த நாடு இப்போது அறிவித்திருக்கும் அளவீட்டுத் திறன் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். கோட்டைத் தொடாதவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து அடுத்த சுற்றில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தாங்கள் சொல்லும் நிச்சயமின்மையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். எந்த வழியை எடுத்தார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.